குரூப் பிரசன்டேஷன்: ஸ்லைடைப் பங்கு போட்டால் போதுமா?

செல்லம்பட்டிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் இணையத்துக்கு எழுதுவது பற்றி ஒரு பேப்பர் இருந்தது. எழுத்துத் தேர்வு கிடையாது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, மதுரைப் பக்கத்துப் பொருள் ஒன்றைப் பற்றித் தமிழில் ஓர் இணையப் பக்கம் எழுதச் சொன்னார்கள். அப்புறம் அதையே வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். எங்கள் குழுவுக்கு விழுந்தது மல்லிகைப்பூ. இரண்டும் முடிந்து மார்க்கும் வந்துவிட்டது. மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு ஒரு கேள்வியும் கேட்கலாம் என்று வந்தேன்.

முதலில் எழுத்து. ஆளுக்கொரு தொடக்கப் பத்தி எழுதி வரச் சொன்னார் மேடம். ஐந்தில் நான்கு "மதுரை என்றாலே நம் நினைவுக்கு வருவது" என்று ஆரம்பித்தன. ஐந்தாவது, "தூங்கா நகரம் என்று போற்றப்படும்". மேடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து தாளிலும் முதல் மூன்று வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, "மிச்சம் எங்க தொடங்குதோ அங்கேயிருந்து எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளிக்கூடம் முழுக்க எழுதிப் பழகிய கைக்கு இது லேசில் வரவில்லை. ஆனால் மல்லியைப் பற்றித் தேடி வருகிறவருக்கு மதுரை எங்கே இருக்கிறது என்று தெரியும், கோவிலும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொன்னால்தான் இரண்டாவது வரிக்கு வருவார். கடைசியில் எங்கள் பக்கம் இப்படித் தொடங்கியது: "மதுரை மல்லியின் இதழ் தடிமனானது. அதனால் பறித்த பிறகும் நெடுநேரம் வாடாது. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது."

இரண்டாவது பத்தியில் ஒரு சண்டை. இங்கே நடும் மல்லிக் கன்றுகள் பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்து நாற்றங்கால்களில் இருந்து வருகின்றன. எங்கள் அத்தை தோட்டத்துக்கும் அங்கிருந்துதான் வந்தது. "அதை எழுதினா நம்ம ஊர்ப் பெருமை என்னாகிறது" என்றாள் ஒருத்தி. "படிக்கிறவங்க மறக்காம இருக்கப்போறது அந்த ஒரு வரிதான்" என்றாள் இன்னொருத்தி. வரி நின்றது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கன்று கடலோரத்து மணலில் வளர்ந்து வந்தால் என்ன, பூ இங்கேதானே பூக்கிறது.

விலை விஷயம் இன்னொரு பாடம். விடியும் முன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனோம். ஈரச் சாக்கைப் பிரித்தால் மொட்டுகள் பச்சை காம்போடு இறுகி மூடிக் கிடக்கின்றன, வாசனைகூட இன்னும் முழுதாக வரவில்லை. தராசில் ஒரு கை அள்ளிப் போட்டு, ஒரு சிட்டிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டே ஒரு அக்கா சொன்னார்: "ஆறு மணிக்கு ஒரு வெல, எட்டு மணிக்கு ஒரு வெல, முகூர்த்த நாளுன்னா கேக்கவே வேணாம்." நாங்கள் "இன்றைய விலை" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தோம். பக்கத்தை அடுத்த வருடம் ஒருவர் திறந்தால் அந்த "இன்று" எது? அங்கேயே அடித்துவிட்டு, மார்கழி, தைப் பனியில் மொட்டு குறைந்து விலை ஏறும், கோடையில் வரத்து கூடி விலை இறங்கும் என்று மாற்றினோம். அது எந்த வருடமும் பழசாகாது. படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு அந்த அக்கா, "மூஞ்சி வேணாம் தாயி, கைய மட்டும் எடுத்துக்க" என்றார். பக்கத்தில் இருப்பது அந்தக் கைதான்.

இனி பேச்சு. எங்கள் வகுப்பில் குழு என்றால் இருபது ஸ்லைடு, ஐந்து பேர், ஆளுக்கு நான்கு. முதல் ஆள் "குட் மார்னிங் டு ஆல்" சொல்லித் தன் பெயரைச் சொல்வார். நான்கு ஸ்லைடு கழித்து அடுத்தவர் வந்து மறுபடி குட் மார்னிங். ஒருவர் பேசும்போது மற்ற நால்வரும் சுவரோரம் நின்று தங்கள் தாளை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். முன்னவர் சொன்னதையே பின்னவரும் சொல்வார், சொன்னது அவருக்கே தெரியாது. கேள்வி கேட்டால், "அது என் போர்ஷன் இல்ல மேடம்."

எங்கள் குழுவில் ஒரு பிடிவாதக்காரி இருந்தாள். "பக்கத்தை எல்லாரும் சேர்ந்துதானே எழுதினோம், நீ எழுதினதை நான் வெட்டினேன், நான் எழுதினதை நீ வெட்டின. பேச்சை மட்டும் ஏன் கூறு போடணும்" என்றாள். ஸ்லைடு ஆறாகக் குறைந்தது. யாருக்கு எந்தப் பகுதி என்று பிரிக்கவே இல்லை. ஒத்திகையில் டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுப் போட்டுக் குலுக்குவோம், எந்தப் பகுதி வருகிறதோ அதைப் பேச வேண்டும். நான் தோட்டத்துப் பிள்ளை. கார்த்திகையில் கவாத்து செய்வது, தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு வெட்டுவது எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்குச் சீட்டில் கமிஷன் கடைக் கணக்கு விழுந்தபோதுதான் அதை ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருவர் முடிக்கும்போது "இப்போது என் தோழி தொடர்வார்" கிடையாது. ஒரு கேள்வியில் நிறுத்த வேண்டும்: "செடியில் மொட்டாக இருந்தது தலையில் ஏறும்போது மலர்ந்திருக்கிறது. நடுவில் யார் யார் கை படுகிறது?" அடுத்தவர் பதிலில் இருந்து தொடங்குவார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஐந்தாவது ஆள் ஒருவர் மார்க்கெட்டுக்கும் வரவில்லை, ஒத்திகைக்கும் வரவில்லை. பேசும் நாளில் வந்து ஒரு பகுதியைத் தாளைப் பார்த்து வாசித்தார். எல்லாருக்கும் ஒரே மார்க். இது நியாயமா? அப்புறம், இந்தச் சீட்டு முறையை மற்றவர்களுக்கும் சொல்லலாமா, அல்லது எங்களுக்கு மட்டும் ஒத்துவந்ததா?

பழங்காநத்தத்தான்

ஐ.டி. கம்பெனியில் ஏழெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன் தங்கச்சி. இங்கேயும் நாலு பேர் வேலை செய்வோம், அஞ்சாவது ஆள் மீட்டிங்கில் "நாங்கள் செய்தோம்" என்பார். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

சீட்டு முறை அருமை. கிளையன்ட் டெமோவுக்கு அதைச் சுட்டுக்கொள்ளலாமா?

செல்லம்பட்டிக்காரி

சுட்டுக்கோங்க அண்ணே. ஆனால் "பழகிக்கோ" என்பது பதிலா? ஆபீஸில் உங்களுக்காவது சம்பளம் வருகிறது.

உளவியல்_வாத்தியார்

நான் உளவியல் பாடம் எடுப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாக்ஸ் ரிங்கல்மான் என்று ஒரு பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து எவ்வளவு விசை வருகிறது என்று அளந்தார், 1913-இல் வெளியிட்டார். தனியாக இழுப்பவர் தன் முழுப் பலத்தையும் போடுகிறார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஓர் ஆளின் பங்கு அதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. சித்திரைத் திருவிழாவில் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வடத்தில் கை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இழுக்கிறவர்கள் இல்லை.

ஏன் குறைகிறது என்பதுதான் சுவாரஸ்யம். ஒரே நொடியில் எல்லாரும் இழுக்காததால் விசை வீணாகலாம். அல்லது, மற்றவர் இழுக்கிறாரே என்று ஆளே தளர்ந்துவிடலாம். 1974-இல் அமெரிக்காவில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் இழுப்பதாக நடித்தார்கள், இழுக்கவில்லை. அப்போதும் முன்னால் இருந்தவர் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தார். ஆக, நேரம் ஒத்துவராதது மட்டும் காரணம் இல்லை. 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் மூவரும் கைதட்டவும் கத்தவும் வைத்து இதையே காட்டினார்கள். பின்னால் 1981-இல் இன்னொன்று: தன் சத்தம் மட்டும் தனியாக அளக்கப்படுகிறது என்று ஆளுக்குத் தெரிந்துவிட்டால் தளர்ச்சி காணாமல் போய்விடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஸ்லைடைப் பங்கு போடுவது வடத்தை ஐந்து துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பது. யார் பங்கு எது என்று தெளிவாகத் தெரியும், ஆனால் தேர் நகராது. சீட்டு முறையில் வடம் ஒன்றாக இருக்கிறது, தயாராகாதவர் யார் என்பதும் ஒத்திகையிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் ஒத்துவந்தது என்று நினைக்கிறேன்.

ஒரே மார்க் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாதி மார்க் குழுவுக்கு, பாதி ஆளுக்கு என்று நான் போடுகிறேன். அதற்குச் சோம்பேறித்தனம் இல்லாத வாத்தியார் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அறுபது பேர் வகுப்பில் யார் என்ன செய்தார் என்று கவனிப்பது சின்ன வேலை இல்லை.

பழைய_உதவியாசிரியர்

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மேடத்தின் பென்சிலுக்கு என் வணக்கம். எங்கள் மேசையில் அது சிவப்பு மை.

இணைய எழுத்து என்று இப்போது தனிப் பேப்பராகச் சொல்லித் தருவதில் பாதி, பத்திரிகை மேசையில் எப்போதும் இருந்ததுதான். முக்கியமானது மேலே, விவரம் கீழே. ஈய எழுத்துக் காலத்தில் பக்கம் கட்டும்போது இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவார்கள். முக்கியமானதைக் கடைசியில் வைத்தவன் செய்தி செத்தது. இப்போது வெட்டுகிறவர் வாசகர், கட்டைவிரலால். இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1997-இல் ஓர் ஆய்வில் பார்த்தது: புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் மேலோட்டமாக மேய்ந்தார்கள், 16 சதவீதம் பேர்தான் சொல் சொல்லாகப் படித்தார்கள். இதைக் கேட்டுப் பயந்துபோய், எல்லாவற்றையும் புள்ளி வைத்துத் துண்டு துண்டாக எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மேய்கிறவர் பிடித்த இடத்தில் நிற்பார். நின்ற இடத்தில் சாரம் வேண்டும். வெறும் புள்ளி அவரை நிறுத்தாது.

ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்துக்காரன் யார், என்ன செய்தான் என்பதை முதல் நாலு சொல்லில் சொல்லிவிட்டு மிச்சத்தை இழுத்துக்கொண்டு போகலாம். நாம் இழுத்தால், வாசகர் முடிவு தெரியாமல் தொங்கிக்கொண்டே வர வேண்டும். இதைப் பாருங்கள்:

"ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் அமைந்ததும், 1959-ஆம் ஆண்டு நேருவால் திறந்துவைக்கப்பட்டதும், காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணியைப் பாதுகாத்து வருவதுமான காந்தி நினைவு அருங்காட்சியகம் மதுரையில் தமுக்கம் மைதானத்துக்கு அருகில் இருக்கிறது."

தப்பே இல்லாத வாக்கியம். வழி கேட்டு வந்தவர் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெட்டினால்:

"காந்தி அருங்காட்சியகம் தமுக்கம் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டடம் ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை. 1959-இல் நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த துணி, இரத்தக்கறையோடு உள்ளே இருக்கிறது."

பெயரெச்சத்தை மாலையாகக் கட்டித் தொங்கவிடுவதுதான் தமிழ் நடை என்று யாரோ நமக்குச் சொல்லிவிட்டார்கள். குறுகிய வாக்கியத்திலும் தமிழ் தமிழாகவே இருக்கும். பேச்சில் நாம் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம். உங்கள் பக்கத்தின் முதல் மூன்று வாக்கியமும் சரியாக இருக்கின்றன. தலைப்பு என்ன வைத்தீர்கள்?

செல்லம்பட்டிக்காரி

ஐயா, நன்றி. தலைப்பு "மணக்கும் மதுரை மல்லி: ஒரு பார்வை". கேட்கும்போதே நீங்கள் சிவப்பு மையைத் தேடுவது தெரிகிறது.

நீங்கள் சொன்ன வினைச் சங்கடம் பேச்சிலும் வந்தது. எங்களில் இருவர் ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்து, அதைத் தமிழில் மாற்றிப் பேசப் பார்த்தார்கள். நடுவில் மூச்சு முட்டியது. மேடம் தாளை வாங்கிக்கொண்டு, "உங்க பாட்டிக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றதும் வாக்கியம் தானாகச் சின்னதாகிவிட்டது.

வாத்தியார் சார், கயிறு பரிசோதனையை வகுப்பில் சொன்னேன். இப்போது யாராவது சும்மா நின்றால் "ரிங்கல்மான்" என்று கூப்பிடுகிறார்கள்.

காதால்_படிப்பவன்

எனக்குப் பார்வை கிடையாது. வங்கி வேலை, திருநகரில் வீடு. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் மூலம்தான் இந்த இழையையும் படிக்கிறேன். தமிழ்க் குரல் கொஞ்சம் ரோபோ மாதிரிதான் இருக்கும், பழகிவிட்டது. எழுதச் சொல்லித் தருகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

உதவியாசிரியர் ஐயா மேய்வதைப் பற்றிச் சொன்னார். நானும் மேய்கிறேன், ஆனால் கண்ணால் இல்லை. எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஒரு பக்கத்தை அப்படித் தலைப்பு தலைப்பாகத் தாண்டிப் பார்த்துவிட்டு எங்கே நிற்பது என்று முடிவு செய்வேன். மாணவர்கள் செய்வது என்ன? எழுத்தைப் பெரிதாக்கித் தடித்ததாக்கிவிட்டு அதைத் தலைப்பு என்கிறார்கள். கண்ணுக்கு அது தலைப்பு. எனக்கு அது இன்னொரு வரி. எடிட்டரில் தலைப்பு என்ற பாணி தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால்தான் விசை அங்கே நிற்கும்.

அடுத்தது இணைப்புகள். பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்க முடியும். பல தமிழ்ப் பக்கங்களில் எனக்குக் கேட்பது: "இங்கே, இங்கே, மேலும் படிக்க, இங்கே." எங்கே? "மல்லி சாகுபடி முறை" என்று இணைப்புக்கே பெயர் வைத்தால் நான் நேராகப் போய்விடுவேன்.

அப்புறம் படத்துக்குள் தமிழை எழுதி வைப்பது. கவிதை, அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் படம். எனக்கு "படம்" என்று மட்டும் சொல்லும், சில நேரம் கேமரா போட்ட எண்ணைப் படிக்கும். உங்கள் பக்கத்தில் அந்தப் பூக்கார அம்மாவின் கை இருக்கிறது என்றீர்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் என்ன எழுதினீர்கள்?

பேச்சுக்கும் இது பொருந்தும். கல்லூரியில் படித்தபோது கேட்ட ஒவ்வொரு பிரசன்டேஷனிலும் "இந்தப் படத்தில் நீங்கள் பார்ப்பது போல" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று அரை வாக்கியம் சொன்னால் போதும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் அது உதவும், அவனுக்கும் திரை தெரியாது.

செல்லம்பட்டிக்காரி

சார், மாற்று உரையில் "மல்லிகைப்பூ" என்று இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பிடிவாதக்காரியோடு உட்கார்ந்து மாற்றினேன். இப்போது: "தராசுத் தட்டில் மூடிய மல்லி மொட்டுகளை அள்ளிப் போடும் பெண்ணின் கை, விரல்களில் ஈரம்." போதுமா?

காதால்_படிப்பவன்

போதும். "விரல்களில் ஈரம்" எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜெராக்ஸ்_அக்கா

கல்லூரி வாசலில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். குரூப் பிரசன்டேஷன் வாரம் என்றால் எனக்குத் தீபாவளி. இந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, எழுத்துரு.

போன வருடம் ஒரு குழு வந்தது. ஸ்லைடு எல்லாம் பாமினி என்ற எழுத்துருவில் அடித்து அழகாக வைத்திருந்தார்கள். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் ஓட்டமாகத் திரும்பி வந்தார்கள். வகுப்பறைக் கம்ப்யூட்டரில் பாமினி கிடையாது, திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் செமிகோலனும். பாமினி என்ன செய்கிறது என்றால், ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அப்படி இல்லை, ம என்றால் மவுக்கென்று ஓர் எண் உண்டு, எந்த மெஷினுக்கும் அது மதான். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் பாமினியில் அடித்துக் கொண்டுவருகிறீர்களே என்று கேட்டால், "டைப்பிங் சென்டரில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்கிறார்கள். அச்சுக்கு அது ஓடும். இணையத்துக்கு ஓடாது. பாமினியில் ஏற்றிய பக்கத்தை மல்லி என்று தேடினால் வராது, ஏனென்றால் தேடுகிற இயந்திரத்துக்கு அங்கே மல்லி என்ற சொல்லே இல்லை.

அன்றைக்கு என் கடையில் பாமினி இருந்ததால் அப்படியே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். பிழைத்தார்கள். பிள்ளைகளா, யூனிகோடில் அடியுங்கள், ஒரு பிடிஎஃப் பிரதியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மெயிலிலும் ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள், அதில் பாதி என் கடை மேஜையில்தான் கிடக்கிறது.

பழங்காநத்தத்தான்

அக்கா, நீலக் கயிறு கட்டின ஒரு பென் டிரைவ் இருக்கிறதா பாருங்க. காலேஜ் காலத்தில் தொலைந்தது.

ஜெராக்ஸ்_அக்கா

நீலம் நிறைய இருக்கு தம்பி, வந்து பொறுக்கிக்க.

கடைசி_பெஞ்சு

எல்லாரும் அந்த ஐந்தாவது ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வேறு கல்லூரி, ஆனால் எங்கள் குழுவில் நான்தான் அந்த ஐந்தாவது ஆள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

எனக்குக் கேட்டரிங் வேலை. முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போவேன். விடியும் முன் அடுப்பு வேலை தொடங்கும். உங்களைப் போல விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பேட்டி எடுக்க எனக்கு நேரம் கிடைக்காது, அந்த நேரத்தில் நான் இலை போட்டுக்கொண்டிருப்பேன். ஒத்திகை எப்போதும் மாலை, மண்டபத்தில் வரவேற்பும் மாலை. இரவு வீட்டுக்கு வந்து கூகுள் டாக்ஸில் எழுதினேன். குழுவில் எழுதிய பக்கத்தில் பாதி என்னுடையது. ஆனால் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்தது, நான் ஒத்திகைக்கு வரவில்லை, தாளைப் பார்த்து வாசித்தேன் என்பதுதான். கூட்டத்தில் முகம் காட்டாதவன் வேலை செய்யாதவன் என்று யார் சொன்னது?

சீட்டு முறை பற்றியும் ஒன்று. எனக்குத் திக்குவாய் கொஞ்சம் உண்டு. எந்தச் சொல்லில் திக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பகுதி எனக்கென்று இருந்தால் அந்தச் சொல்லை மாற்றி எழுதிக்கொள்வேன். எது விழும் என்று தெரியாமல் நிற்கச் சொன்னால் நான் அன்றைக்கு லீவு போட்டுவிடுவேன்.

உளவியல்_வாத்தியார்

தம்பி சொல்வது எனக்குத் தைத்தது. ஆளுக்கு ஆள் தனியாகத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். எது தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேடையில் நிற்பது தெரிகிறது, இரவில் எழுதியது தெரிவதில்லை. கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியைச் சேர்த்தார், வெட்டினார் என்று நிறம் பிரித்துக் காட்டும். ஆள்பங்கு மார்க்கைப் பேச்சை மட்டும் வைத்துப் போடாமல் அதையும் திறந்து பார்க்கலாம். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்று மட்டும் சக வாத்தியார்களுக்குச் சொல்வேன். நூறு வரி ஒட்டியவரைவிட அந்த நூறில் எழுபதை வெட்டியவர் அதிக வேலை செய்திருக்கலாம்.

செல்லம்பட்டிக்காரி

கடைசி பெஞ்சு அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் டாக்ஸைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஐந்தாவது ஆள் அதில் சேர்த்தது தன் பெயரும் ரெஜிஸ்டர் நம்பரும். ஆகவே என் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் எல்லா ஐந்தாவது ஆளும் ஒரே ஆள் இல்லை, அது சரிதான்.

திக்குவாய் விஷயத்தில் பிடிவாதக்காரியிடம் கேட்டேன். சீட்டு ஒத்திகைக்கு மட்டும்தானே, மேடையில் யார் எது என்பதை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளலாம், ஒத்திகையிலும் வேண்டாதவர் சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்கிறாள். எங்கள் பேச்சிலும் அப்படித்தான், மேடையில் குலுக்கவில்லை. எழுதும்போது அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

கடைசி_பெஞ்சு

அப்படியென்றால் சரி. ஒரு ஆலோசனை: ஒத்திகையைப் போனில் ரெக்கார்டு பண்ணிக் குழுவில் போடுங்கள். வர முடியாதவன் இரவு பஸ்ஸில் கேட்டுக்கொள்வான்.

பழைய_உதவியாசிரியர்

தலைப்பு இன்னும் பாக்கி இருக்கிறது அம்மா. "ஒரு பார்வை" என்று போட்டால் எதைப் பார்த்தீர்கள் என்று தெரியாது. "மணக்கும்" வேண்டாம், மணக்காத மல்லி கிடையாது.

செல்லம்பட்டிக்காரி

"மதுரை மல்லி: கன்று முதல் கூந்தல் வரை". எப்படி ஐயா?

ஜெராக்ஸ்_அக்கா

நல்லாத்தான் இருக்கு. ஆனால் என் கடைக்கு வருகிற விவசாயிகள் போனில் என்ன தேடுவார்கள் தெரியுமா? மல்லி விலை, மல்லி கன்று, மல்லி கவாத்து. கூந்தல் என்று ஒருத்தர்கூடத் தேடமாட்டார்.

பழைய_உதவியாசிரியர்

அக்கா சொல்வதுதான் சரி. "மதுரை மல்லி: கன்று, கவாத்து, சந்தை விலை". மல்லிகையைத் தேடுகிறவருக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன. கூந்தலை உள்ளே எங்காவது வையுங்கள்.

செல்லம்பட்டிக்காரி

மேடத்துக்கு அனுப்பிவிட்டேன், தளத்தில் மாற்ற அவரால்தான் முடியும். மாற்றுகிறேன் என்று பதில் வந்துவிட்டது. கூந்தல் போனதில் எங்கள் குழுவில் இரண்டு பேர் என்னோடு பேசவில்லை.